தூக்கம் பிடிக்காதவர்களுக்கு ஐந்து வழிகள்: யாருக்கு எது, எப்போது எது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் "ராத்திரி தூக்கம் பிடிக்கல" என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். மருந்துக்கடையில் ஓர் அட்டை மாத்திரை. பக்கத்து வீட்டில் பாலில் இழைத்த ஜாதிக்காய். நாட்டு மருந்துக்கடையில் அமுக்கரா (அசுவகந்தா) சூரணம். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் கையில் மெலடோனின் டப்பா. இத்தனையில் எதைப் பிடிப்பது என்று திணறுகிறவர்கள் நிறைய. அதிலும் பிள்ளைகளெல்லாம் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாகவோ இருவராகவோ இருக்கும் வயதானவர்கள் அதிகம். அவர்களையும், தொலைவிலிருந்து அவர்களுக்காகக் கவலைப்படும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் தொடரும் தூக்கமின்மைக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது எந்தக் கடையிலும் கிடைக்காது. படுக்கையில் கழிக்கும் நேரத்தைத் திருத்தும் பயிற்சி அது. நம் பக்கம் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்பது முதல் கேள்வி. வீட்டில் ஒரு சாவு, கல்யாண அலைச்சல், பிள்ளையின் தேர்வு என்று பத்துப் பதினைந்து நாள் தூக்கம் கெடுவது வேறு. வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாகத் தூக்கம் கெட்டு, பகலிலும் அசதி, எரிச்சல், மறதி என்று இழுத்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இரண்டுக்கும் வழி ஒன்றல்ல.

இரவில் எப்போது கெடுகிறது என்பது அடுத்த கேள்வி. படுத்ததும் வராதது, நடுச்சாமத்தில் விழித்துக்கொள்வது, கோழி கூவுமுன்பே கண் திறந்துகொள்வது, இவை மூன்றும் வெவ்வேறு.

இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்வி கேட்கலாம். பலன் எவ்வளவு சீக்கிரம் தெரியும்? நிறுத்திய பிறகும் பலன் நிற்குமா? உடம்புக்கு என்ன ஆபத்து? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன?

தூக்கம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் விடைகள் எளிதில் பிடிபடும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். சிவராத்திரிக்குக் கண் விழித்தவர் மறுநாள் தலை சாய்த்ததும் அசந்து தூங்குவது இதனால்தான். பகலில் போடும் குட்டித் தூக்கம் இந்த அழுத்தத்தைக் கரைத்துவிடும். காபியில் உள்ள கஃபீன் அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்கு இடைப்பலகாரத்தோடு குடித்த காபியில் பாதி, இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். இதோடு உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒன்றும் உண்டு. அதை நகர்த்துவது பெரும்பாலும் வெளிச்சம்தான். அழுத்தமும் கடிகாரமும் ஒரே நேரத்தில் கூடிவரும்போது தூக்கம் தானாக வரும்.

## தேர்வுக்கு முன்பே கழிக்க வேண்டியவை

இரவில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி என்று இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். அதற்குத் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து. படுத்ததும் கால் குறுகுறுத்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்தைச் சோதிக்க வேண்டும். சர்க்கரையோ புராஸ்டேட் தொல்லையோ இருந்து மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுபவர், முதலில் அதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போடுபவர், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தைராய்டு, மன அழுத்த நோய் இரண்டையும் விட்டுவிடக் கூடாது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், கீழே வரும் ஐந்தும் பாதிப் பலன்கூடத் தராது.

## தூக்க மாத்திரை

அல்பிரசோலாம், குளோனாசெபாம், லோராசெபாம் ஒரு வகை. சோல்பிடெம் இன்னொரு வகை. பலன் அன்றிரவே தெரியும். வேகத்தில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. குடும்பத்தில் பெரிய இழப்பு நேர்ந்து நாலைந்து நாள் கண்ணே மூடாதவருக்கு, மருத்துவர் பார்த்து ஒன்றிரண்டு வாரத்துக்குக் கொடுப்பதில் தவறில்லை.

பல பேருக்கு அது இரண்டு வாரத்தில் நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. நாள் ஆக ஆக அதே அளவு போதாது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். "பார்த்தியா, மாத்திரை இல்லாம எனக்கு ஆகாது" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அது மாத்திரையை விட்டதால் சில நாள் வரும் எதிர்விளைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் சோல்பிடெம் வகைக்கு, தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவை நேரலாம் என்று தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை ஒட்டச் சொன்னது. 2020-இல் அல்பிரசோலாம் வகைக்கு, பழக்க அடிமைத்தனம் பற்றிய எச்சரிக்கையைக் கூட்டியது. நம் நாட்டில் அல்பிரசோலாமும் சோல்பிடெமும் எச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போடுவது யாருக்கும் நல்லதில்லை.

வயதானவர்களுக்கு இதன் மறைமுகச் செலவு பெரிது. நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். அறையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போக உயர்ந்த நிலைப்படியைத் தாண்டி, வளவு (நடு முற்றம்) ஓரமாக நடந்து, இரண்டாம் கட்டுக்கு இறங்க வேண்டும். கீழே வழவழப்பான ஆத்தங்குடிக் கல், அதில் எங்கேயாவது தண்ணீர் சிந்தியிருக்கும். மாத்திரை மயக்கத்தில் இரவு ஒரு மணிக்கு அந்த நடை நடந்து இடுப்பெலும்பு முறிந்தால், மிச்சம் பிடித்த தூக்கமெல்லாம் அந்த ஒரு விழுகையில் போய்விடும்.

தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. மறுநாள் பகல் முழுக்க மந்தம், வயதானவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு என்று தொல்லைகள் வரும் என்பதால் அதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. இரவில் ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பதும் அப்படியே. சீக்கிரம் கண்ணயர வைத்துவிட்டு, பின்னிரவைத் துண்டு துண்டாக்கிவிடும்.

## நாட்டு மருந்து: அமுக்கரா, ஜாதிக்காய், கசகசா

இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அமுக்கராவுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. சில வாரங்கள் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் தூக்கம் ஓரளவு கூடியிருக்கிறது. அன்றிரவே பலன் எதிர்பார்க்கக் கூடாது. மனக் கலக்கத்தோடு சேர்ந்த லேசான தூக்கமின்மைக்குச் சித்த மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் காலம்வரை சாப்பிடலாம். ஆனால் சூரணம் வாங்கும் சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரபுச் செய்முறையில் கிராம்பில் தொடங்கிச் சரக்குகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும். கடைசியில் அமுக்கரா 64 பங்கு என்றால் சர்க்கரை 128. அதாவது சூரணத்தில் சரிபாதி சர்க்கரை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

ஜாதிக்காய் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பாலில் ஒரு சிட்டிகை இழைத்தால் பெரிதாகக் கெடுதல் இல்லை. பலன் வரவில்லை என்று அளவைக் கூட்டுவதுதான் ஆபத்து. ஏறத்தாழ 5 கிராமிலேயே படபடப்பு, வாந்தி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். ஒரு முழு ஜாதிக்காயின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். கெடுதல் தெரியவே சில மணி நேரம் ஆகும் என்பதால், அதற்குள் இன்னொரு முறை இழைத்துக் குடித்துவிடும் வாய்ப்பும் உண்டு. கைக்குழந்தைக்கு உரை மருந்தில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுக்கும் பழக்கத்தையும், தூங்க வைக்க வேண்டும் என்பதற்காகச் செய்யவே வேண்டாம்.

கசகசா நம் குருமாவுக்கு உயிர். தூக்கத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. துபாய்க்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது தூக்கத்துக்கென்று ஒரு பொட்டலம் எடுத்துப் போகவும் வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

வெதுவெதுப்பான பால் மட்டும் குடிக்கலாமா என்றால், தாராளமாக. பாலில் தூக்க மருந்து எதுவும் பெரிதாக இல்லை. தினமும் அதே நேரத்தில் அதே டம்ளரில் குடிப்பது, நாள் முடிந்தது என்று உடம்புக்குச் சொல்லும்.

## மெலடோனின்

இருட்டினால் மூளையே சுரக்கும் பொருள்தான் மெலடோனின். உடம்பின் கடிகாரத்தை நகர்த்துவது அதன் வேலை. அதனால் அமெரிக்கா போய் வந்தவருக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் கடிகாரம் புரண்டுபோகும்போது அது உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு உதவி சொற்பம். 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். மிட்டாய் வடிவில் வருவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் 25 வகை மிட்டாய்களைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 22-இல் டப்பாவில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. மகள் அன்போடு வாங்கி வந்ததைக் குறை சொல்லவில்லை. பயணக் களைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினசரி மருந்தாக்க வேண்டாம்.

## குளியல், நடை, வெளிச்சம், வீடு

தனியாக இவை நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்ப்பதில்லை. ஆனால் ஆபத்தில்லை, செலவில்லை, வேறெந்த வழியோடும் சேரும்.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீர்க் குளியல் போட்டால் சராசரியாக 10 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது என்று 2019-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. நீரின் சூடு 40 முதல் 42.5 டிகிரி. சூட்டில் தோலுக்கு ரத்தம் ஓடிவந்து, பிறகு உடம்பின் உட்சூடு வேகமாக இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்தைக் கூப்பிடுகிறது. சித்திரை, வைகாசியில் காங்கிரீட் மாடி வீடுகளில் பகல் சூடு நடுச்சாமம் வரைக்கும் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது உட்சூடு இறங்க வழியில்லை. வானம் பார்த்த வளவும், தடித்த சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய வீட்டில் கீழ்த்தளத்தில் பாயை விரித்தாலே பாதிப் பிரச்சினை குறையும். கொசுவலை கட்டாயம்.

வெளிச்சத்தைப் பற்றி நம் பக்கம் யோசிப்பதே இல்லை. பெரிய வீடுகளில் வயதானவர்கள் பகலெல்லாம் உள்ளறை இருட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பின் கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது என்று தெரிவதில்லை. எட்டு மணிக்கே கண் சொக்கி, மூன்று மணிக்கு விழிப்பவர்கள் சாயங்கால வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்தால் கடிகாரம் சற்றுத் தாமதமாகி, தூக்கமும் விழிப்பும் தள்ளிப்போகும். இரவு ஒரு மணி வரை தூக்கம் வராத இளைஞர்களுக்கு இதற்கு நேர்மாறு. காலை எழுந்ததும் வெளியே நடக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் இங்கே பருவத்தைப் பொறுத்து இரவு 9.30 அல்லது 10.30. அந்த நேரத்து வீடியோ அழைப்புக்காக ஆத்தாவும் அப்பச்சியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பூரிப்பிலேயே ஒரு மணி நேரம் போகும். உங்கள் சாயங்காலத்தில் பேசினால் அவர்களுக்குக் காலை.

## படுக்கைப் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சி

தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை என்பது இதன் மருத்துவப் பெயர். சி.பி.டி.ஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 2017-இலும் சொல்லிவிட்டன. 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், படுத்துத் தூங்குவதற்கு ஆகும் நேரம் சராசரியாக 19 நிமிடமும், நடுவில் விழித்துக் கிடப்பது 26 நிமிடமும் குறைந்தன. மொத்தத் தூக்க நேரம் சிகிச்சை முடிவில் 8 நிமிடம்போலத்தான் கூடியது. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். புரண்டுகொண்டே கிடக்கும் வேதனைதான் பலரைக் கொல்கிறது. அது குறைகிறது, பயிற்சி முடிந்த பிறகும் பலன் நிற்கிறது.

எப்படி என்பதை எங்கள் தெருவில் ஒரு ஆச்சியின் கணக்கைக் கொண்டே சொல்கிறேன். "எட்டரைக்கே படுத்துர்றேன் தம்பி, பத்தரை அடிக்கிறது காதுல விழுது" என்பார். ஒரு வாரம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். படுத்தது 8.30, தூங்கியது 10.30 போல, 1.30-க்கு விழிப்பு, மறுபடி கண்ணயர்ந்தது 2.30, எழுந்தது 4.30, படுக்கையை விட்டது 5. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூக்கம். கூட்டிப் பார்த்தால் இரவில் தூக்கம் 5 மணி நேரம், படுக்கையில் எட்டரை மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரமும் கவலைக்குத்தான். நாளடைவில் படுக்கையைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது.

வைத்தியம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் தூங்கலாம் என்ற எண்ணத்தை விட்டு, படுக்கும் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும். நடுவயதினர் தூங்கும் சராசரியோடு அரை மணி கூட்டி, அந்த நேரம் மட்டும் படுக்கையில் இருக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகவே கூடாது. ஆச்சிக்கு அந்த வேகம் ஆகாது. வாரத்துக்கு அரை மணியாகத் தள்ளி, 9, 9.30 என்று 11 வரை போகலாம். எழும் நேரம் எது நடந்தாலும் 5. மத்தியானத் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்கு முன்பே. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 100-க்கு 85 பங்கு தூங்க ஆரம்பித்ததும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு 80 போதும்.

படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து போய், மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டு, சொக்கும்போது திரும்ப வேண்டும் என்பது இன்னொரு விதி. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் நடையில் தடுமாற்றம் உள்ளவர்கள் இருட்டில் வளவுக்கு வர வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு அதில் உட்காரலாம்.

மறைமுகச் செலவும் உண்டு. முதல் இரண்டு வாரம் பகலில் இன்னும் அசதியாக இருக்கும். அந்த நாட்களில் திருச்சி சாலையில் வண்டி ஓட்டவோ, மில்லில் இயந்திரம் இயக்கவோ கூடாது. வலிப்பு, மனநிலை ஏற்ற இறக்க நோய், மூச்சடைப்பு உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. நம் பக்கம் இதில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. சிவகங்கை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். வழக்கமாக நான்கு முதல் எட்டு அமர்வுகள் ஆகும்.

## ஒரு பார்வையில்

| வழி | பலன் எப்போது | நிறுத்திய பிறகு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|
| தூக்க மாத்திரை | அன்றிரவே | நிற்காது, மோசமாகலாம் | பழக்கம், விழுதல் |
| அமுக்கரா | சில வாரங்கள் | உறுதியில்லை | தைராய்டு, கல்லீரல், சூரணத்துச் சர்க்கரை |
| மெலடோனின் | சில நாட்கள் | நிற்காது | அளவில் நிச்சயமின்மை |
| குளியல், வெளிச்சம் | சில நாட்கள் முதல் வாரங்கள் | தொடர்ந்தால்தான் | ஏறக்குறைய இல்லை |
| படுக்கைப் பயிற்சி | 2 முதல் 6 வாரங்கள் | நிற்கும் | முதல் வாரங்களின் பகல் அசதி |

## யாருக்கு எது

துக்கத்தாலோ திடீர் அதிர்ச்சியாலோ நாலைந்து நாளாகத் தூங்காதவர் மருத்துவரைப் பார்த்துக் குறுகிய கால மாத்திரை எடுக்கலாம். எப்போது நிறுத்துவது என்பதை வாங்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க நேரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞருக்கு இந்த ஐந்தும் இரண்டாம்பட்சம். அவருடையது கடிகாரக் கோளாறு. வேலை முடிந்து படுக்கும் அறையை நன்றாக இருட்டாக்கி, விடுமுறை நாளிலும் அந்த நேரத்தை ஓரளவு ஒட்டியே தூங்குவது முதல் வேலை.

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு கொதித்து விழிக்கும் பெண்கள் வயதாகிவிட்டது என்று பொறுத்துப் போக வேண்டாம். மகளிர் மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்றே சிகிச்சை உண்டு. படுக்கைப் பயிற்சியும் அவர்களுக்கு நன்றாகவே பலிக்கிறது.

நாள்பட்டு அவதிப்படும் மற்ற எல்லாருக்கும் என் வரிசை: காலண்டர் தாளில் ஒரு வாரக் கணக்கு, பிறகு படுக்கைப் பயிற்சி, கூடவே வெளிச்சமும் மாலைக் காபியை விடுவதும். ஆறு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் மருத்துவர். அமுக்கராவோ மாத்திரையோ அவர் சொல்லி வரட்டும்.

ஏற்கெனவே பல வருஷமாக மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே படுக்கைப் பயிற்சியையும் செய்தால் விடுவது எளிது. தூக்கமின்மையோடு வாழ்வே வெறுத்துப்போகும் எண்ணமும் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.